அண்ணனின் மாமியார் கை நனைத்த நாள்

எண்பதைத் தாண்டியவர்களே, இது உங்களுக்கு. சின்னவர்கள் படித்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் "அப்படிக்கூடவா மனுஷர்கள் இருந்தார்கள்?" என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டு என் உயிரை எடுக்கக் கூடாது. இருந்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் பாதி காலியான அந்தக் கோடை உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீடு கோவில்பதாகையில், ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. நாலு கறவை மாடு, ஒரு ஜோடி வண்டி மாடு, ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். சோற்றுக்குக் குறைவில்லாத வீடு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கூடத்து மூலையில் ஆள் உயரக் குதிர், அதில் கழுத்துவரை நெல்.

ஆவடி ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றால் ஜன்னல் வழியாகவே மூட்டைகளை வீசினார்கள். தையல் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு ஒருவர் போனார். கூண்டுக் கிளியைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு இன்னொருவர். பிள்ளைகளான எங்களுக்கு அது திருவிழாதான். குண்டு என்றால் தீபாவளிக்குக் கொளுத்துகிற வகையில் கொஞ்சம் பெரிசு என்று நினைத்துக்கொண்டு, எப்போது விழும், எப்போது விழும் என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த மாதிரி ஒரு ரயிலில்தான், பங்குனி மாதம் பாதியில், என் அண்ணனின் மாமியார் வந்து இறங்கினார்.

அண்ணிக்கு அது முதல் பிரசவம். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அண்ணியின் தாய்வீடு பெரம்பூர்ப் பக்கம். அப்பா இல்லை, மில்லில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டவர். அம்மாவும் ஒரு தம்பியும் மட்டும். ஆனால் ஊரே ஓடிவருகிற இடத்துக்குப் பிள்ளைத்தாய்ச்சியை யார் அனுப்புவார்கள்? மகள் போக முடியாததால் தாய் புறப்பட்டு வந்தார். எனக்கு அவர் அத்தை முறை. அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அத்தை கொண்டுவந்த சாமான்கள் எல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். மூடியில் ரோஜாப்பூ வரைந்த தகரப் பெட்டி ஒன்று. பாய். இரண்டு மண் சட்டி, ஒரு அலுமினியக் குண்டான். மகன் தலையில் ஒரு அரிசி மூட்டை. உப்பு, மிளகாய், புளி தனித்தனியாகத் துணியில் முடிந்து. கடைசியாக, சாக்கில் சுற்றிய மூன்று செங்கல். கோவில்பதாகையில் செங்கல்லுக்கா பஞ்சம்? அதை அவிழ்த்து வைத்தபோது என் அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

"வாங்க சம்பந்தி. கைகால் கழுவிகினு சாப்பிட வாங்க. எல போட்டாச்சு" என்றார் அம்மா.

"கோச்சிக்காதீங்க சம்பந்தி" என்றார் அத்தை. "பேரப்புள்ள பொறக்கறவரைக்கும் பொண்ணு குடுத்த ஊட்ல நாங்க கை நனைக்கறதில்ல. எங்க வகையறால எங்க மாமியா காலத்துலேந்து அப்படித்தான். நான் தனியா பின்னால பொங்கிக்கறேன்."

"அதான் புள்ள இங்கயே பொறக்கப் போவுதே. குண்டு உழற காலத்துல இன்னா வழக்கம் வேண்டிக்கெடக்கு?"

"குண்டுக்கு பயந்துதான வந்துகீறேன் சம்பந்தி. இதுக்கும் பயப்பட வாணாமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. சமையலறைக்குள் வந்து, போட்ட இலையைச் சுருட்டி மாட்டுத்தொட்டியில் எறிந்தார். "ஒருவாட்டி கூப்ட்டாச்சு. மறுவாட்டி கூப்பட நான் இன்னா கால்ல உழணுமா?" என்றார். என் அம்மா ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். அந்தக் குணத்தை ஊரே மெச்சியது. எனக்கும் அது வந்திருக்கிறது என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள், மெச்சிச் சொல்வதில்லை.

ஆக, எங்கள் வீட்டுப் பின்கட்டில், மாட்டுக்கொட்டகைச் சுவருக்கும் வைக்கோல்போருக்கும் நடுவில், அந்த மூன்று செங்கல்லும் அடுப்பாயின. அத்தையின் சட்டதிட்டங்கள் வக்கீலையே மிரட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, கோயில் கிணற்றிலிருந்து சுமந்துவருவார். எங்கள் வீட்டு வறட்டி ஆகாது, ஏரிக்கரையில் சுள்ளி பொறுக்குவார். நெருப்பு? அதை மட்டும் எங்கள் அடுப்பிலிருந்து எடுத்துக்கொள்வார். "நெருப்பு யாருக்கும் சொந்தமில்ல" என்பார். வெற்றிலைகூட வாங்கமாட்டார். என் அண்ணன் பின்கட்டுக்கு வருவதற்கு முன் இருமிவிட்டுத்தான் வருவான். உடனே அத்தை முந்தானையை இழுத்துக்கொண்டு வைக்கோல்போருக்குப் பின்னால் போய்விடுவார். மாப்பிள்ளையும் மாமியாரும் முகத்துக்கு முகம் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை. அந்த இரண்டு மாதமும் அவன் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்கமாட்டான். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்கு! எனக்கு அது பொற்காலம். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

அத்தைக்கு மில் சங்கு மாதிரி வாயால் ஊதத் தெரியும். காலையில் அவர் ஊதினால்தான் நான் எழுந்திருப்பேன். ஆட்டுரலைக் கவிழ்த்து அதன் மேல் என்னை உட்காரவைத்து, சொம்பில் கரண்டியால் டிங் டிங் என்று தட்டி டிராம் வண்டி ஓட்டுவார். பூவரச இலைதான் டிக்கெட்டு. "ஏறு, ஏறு, எறங்கறவங்கள உடு!" என்று அவர் கத்துகிற கத்தலில் மாடுகள் காதை விறைத்துக்கொள்ளும். எனக்கு அஞ்சுகால் பின்னல் போட்டுவிட்டது அவர்தான். அவர் மேல் புகையிலையும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும். பின்னி முடிக்கும்வரை அவர் முழங்கால்களுக்கு நடுவில் அந்த வாசனைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன். அண்ணியும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து பக்கத்தில் சாய்ந்துகொள்வார். அத்தை பட்டணத்து ஆள்களைப் போல நடித்துக்காட்டுவார், அண்ணி வயிறு குலுங்கச் சிரிப்பார். "மெதுவாடி, உள்ள கீறது முழிச்சிக்கப் போவுது" என்பார் அத்தை.

இன்னொன்றும் சொல்கிறேன். பின்வாசல் கதவுக்கு உட்பக்கம் அம்மா முறத்தை வைத்துக்கொண்டு நிற்பார். புடைக்கிற சத்தம் நின்றுபோயிருக்கும். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அத்தையின் கதையைக் கேட்டு, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "இன்னாடி?" என்று அதட்டி மறுபடி முறத்தைத் தட்டினார். ஒரு எட்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கலாம். வரவில்லை.

சித்திரை முதல் வாரத்தில் பிறந்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு. அண்ணி முதன்முதலில் வாந்தி எடுத்த நாளை வைத்துப் போட்ட கணக்கு அது. அத்தையும் அதை நம்பித்தான் ஒரு மாதத்துக்கு அரிசி கொண்டுவந்திருந்தார். சித்திரை முதல் வாரம் போயிற்று. இரண்டாம் வாரம் போயிற்று. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாரு சொன்னது? இன்னும் ஒரு மாசம் கெடக்கு" என்றார். அந்த முதல் வாந்தி பழைய கருவாட்டால் வந்தது. பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், சித்திரையில் பிள்ளை பிறந்தால் வீட்டுக்கு ஆகாது என்று அவருக்கு பயம். "நல்லதாப்போச்சு, வைகாசியில பொறக்கட்டும்" என்றார். அத்தை அன்று மாலை அரிசிப் பானைக்குள் கைவிட்டு அளந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

அத்தையை விட்டுவிட்டுத் திரும்பிப் போன மகன் மறுபடி அரிசி கொண்டுவந்து தருவதாகத்தான் ஏற்பாடு. அவனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மூன்றாம் வகுப்பு படித்த நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். வேலைக்கு அரக்கோணத்துக்கு அனுப்பிவிட்டார்களாம், வர ஒரு மாதம் ஆகுமாம், அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அத்தை கார்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இத உள்ள போய் சொல்ல வாணாம்" என்றார்.

பிறகு நாங்கள் ஏரிக்குப் போக ஆரம்பித்தோம். சித்திரை வெயிலில் ஏரி வற்றி, நடுவில் மட்டும் தண்ணீர். சேற்றில் இறங்கி அல்லிக் கிழங்கு தோண்டுவோம். கால் புதையப் புதைய, குளிர்ந்த சேறு விரல் இடுக்கில் பிதுங்கும். கரையிலேயே சுட்டுத் தின்போம். கசப்பும் மாவும் கலந்த ருசி, மண்வாசனை போகாது.

"ஏரி யாருதுடி கண்ணு?"

"சர்க்காருது அத்தே."

"சர்க்காருக்கு நாம பொண்ணு குடுக்கலயே. துன்னலாம், துன்னு."

நான் சிரித்தேன். அவர் தின்கிற வேகத்தைப் பார்க்கத் தெரியவில்லை எனக்கு. அந்தக் கரையில்தான் ஒருநாள் சொன்னார், அவருடைய நாத்தனார் ஒருத்தி வழக்கத்தை மீறி மகள் வீட்டில் ஒரே ஒரு வாய் மோர்சோறு தின்றாளாம், பிறந்த பிள்ளை மூன்றாம் நாள் கண்ணை மூடிவிட்டதாம். "ஒரு வாய்க்கு ஒரு உசுரு" என்றார். அதைச் சொல்லும்போது நடிக்கவில்லை.

ஏரியும் ரொம்ப நாள் கிடைக்கவில்லை. ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியது. லாரி மேல் லாரி, தெருவெல்லாம் செம்மண் புழுதி. ஏரிக்கு அந்தப் பக்கம் கூடாரம் அடித்தார்கள். பொம்பளைகள் யாரும் கரைப்பக்கம் போகக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊர் முழுக்க அதே பேச்சு. அண்ணன் வண்டி கட்டி அவர்களுக்கு மண் அடிக்கப் போனான், விடிந்து போனால் பொழுது சாய்ந்துதான் வருவான்.

அதற்குப் பிறகுதான் அத்தை அந்த விளையாட்டைக் கொண்டுவந்தார்.

"வா கண்ணு, சோறாக்கி விளையாடலாம்."

குண்டானில் தண்ணீர் கொதிக்கும். தெருமுனை முருங்கையில் உருவிய கீரை ஒரு பிடி அதில் போகும். இரண்டு பூவரச இலை போட்டு எதிரெதிரே உட்காருவோம். அத்தை காலிக் கரண்டியால் பரிமாறுவார். "இது சூடா சோறு. நெய் ஊத்தறேன், கொயப்பி வெச்சிக்க. இன்னா கொயம்பு வேணும் ஒனக்கு? கத்திரிக்கா காரக்கொயம்பா, முருங்கக்கா சாம்பாரா?" நான் கேட்கக் கேட்க எல்லாம் வரும். உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், வெல்லப் பாயசம். அவர் விரலை நக்கி, "பாயசத்துல ஏலக்கா தூக்கல்" என்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். பிறகு உள்ளே ஓடி, அம்மா போட்ட நிஜச் சோற்றை வயிறு முட்டத் தின்பேன். இதை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு எழுந்து போகத் தோன்றுகிறது. போகவில்லை, எழுதிவிடுகிறேன்.

உள்ளே போனால் அம்மா கேட்பார். தினமும் கேட்பார், கேட்காத மாதிரி கேட்பார். "உங்க அத்த ஊட்ல இன்னிக்கு இன்னா சமையலாம்?"

"கத்திரிக்கா காரக்கொயம்பு, உருளக்கெயங்கு வறுவல், பாயசம்."

"பாயசமா! சம்பந்தி நல்லாத்தான் துன்றாங்க. எங்க ஊட்டு சோறுதான் எறங்காது" என்று அம்மா பாத்திரத்தை நங்கென்று வைப்பார். எனக்கு அதில் ஒரு குஷி. மறுநாள் இன்னும் இரண்டு பண்டம் சேர்த்துச் சொல்வேன். எங்கள் வீட்டைவிட அத்தை அடுப்பில்தான் விருந்து நடக்கிறது என்று அம்மாவை நம்பவைத்தவள் நான்தான். வேறு யாருமில்லை.

ஒருநாள் அத்தை தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது அரிசிப் பானையைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒரு வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை. ஒன்பது வயதுக்குப் புத்தி வர அந்த வண்டு போதும். நேராகக் குதிருக்குப் பக்கத்தில் இருந்த அரிசிக் கூடையிலிருந்து பாவாடை மடியில் அள்ளிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்த அத்தை பார்த்தார். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எட்த்த எடத்துலயே கொண்டு போய் கொட்டு."

"யாரும் பாக்கல அத்தே."

"பாக்கறவங்களுக்கு பயந்தா நான் இருக்கேன்?"

"அப்ப நீங்க நெசமா எப்ப சாப்பிடுவீங்க?"

"அண்ணிக்கு கொயந்த பொறந்தவொடனே. இதோ, இன்னும் நாலு நாளோ அஞ்சு நாளோ. அதுவரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. உங்க அண்ணி காதுல உயுந்தா அவ ஒரு பருக்க துன்னமாட்டா. வயித்துல கீற உசுரு இன்னா ஆவும், சொல்லு?" என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அந்தக் கை கொதித்தது. "கொயந்த மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அரிசியைக் கொண்டுபோய்க் கூடையில் கொட்டினேன். பெரியவர்கள் என்னை நம்பி ஒரு ரகசியம் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாக இருந்தது.

அத்தை இளைத்துப்போனது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வேலி வழியாக, "இன்னாமே, உங்க சம்பந்தி இப்படி வத்திட்டாங்க?" என்று கேட்டார். "பட்டணத்து ஒடம்பு, வெயில் தாங்கல. நல்லாதான் துன்றாங்க, பாயசமெல்லாம் காச்சறாங்க" என்றார் அம்மா. அண்ணி கேட்டபோது, "ஒன்ன நெனச்சி தூக்கமில்லடி, வேற ஒண்ணுமில்ல" என்றார் அத்தை. டிராம் வண்டி நின்றுவிட்டது. சங்கு ஊதப் பார்த்தார், மூச்சு பாதியில் அறுந்துபோயிற்று. வைக்கோல்போர் நிழலில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, என்னைக் கதை சொல்லச் சொன்னார்.

வைகாசி இரண்டாம் வாரம், விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. நல்ல சிவப்பு, தொண்டை கிழிய அழுகை. மருத்துவச்சிக்குப் பக்கத்தில் நின்று மகளின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது அத்தைதான், அந்த பலம் எங்கிருந்து வந்ததோ. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா வந்தார். கையில் சர்க்கரைக் கிண்ணம். இரண்டு மாதமாக நேரே பார்த்துப் பேசாதவர், அத்தையின் வாயில் ஒரு சிட்டிகை சர்க்கரையைப் போட்டு, "இப்ப இன்னா சொல்வீங்க சம்பந்தி? இனிமே எந்த வழக்கம் தடுக்கும்?" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். அத்தை அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "போடுங்க சம்பந்தி. துன்றேன்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா இரண்டு மாதமாகக் கோபத்தில் இல்லை, காத்துக்கொண்டிருந்தார். அண்ணிக்கு வலி கண்டதுமே அடுப்பு மூட்டியிருக்கிறார். தீட்டு வீட்டில் இன்னா சமையல் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "தீட்டு அப்பறம் பாத்துக்கலாம், போடி" என்று விரட்டியிருக்கிறார். வாழையிலை போட்டு வைத்தார். ஆவி பறக்கும் சோறு. பருப்பு, நெய். கத்திரிக்காய்க் காரக்குழம்பு. முருங்கைக்காய் சாம்பார். உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். ஏலக்காய் போட்ட வெல்லப் பாயசம். நான் தினமும் வந்து அளந்துவிட்ட அத்தனை பண்டமும் அந்த இலையில் இருந்தன. சம்பந்தி தன் அடுப்பில் தின்றதைவிட என் வீட்டில் ஒரு கை கூடவே தின்னட்டும் என்று செய்திருந்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் ஈ ஓட்டினேன். அத்தையின் முதல் கவளம் மெதுவாகப் போயிற்று. பிறகு வேகம். அவர் அப்படித் தின்று நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"போதும் சம்பந்தி."

"இன்னா போதும்? ரெண்டு மாசம் இருந்துட்டு பட்டினியா போனாங்கன்னா ஊர் இன்னா பேசும்? கைய எடுங்க, போடறேன்."

மூன்று தடவை போட்டார். அத்தை மறுக்கவில்லை. மூன்றாம் தடவை சாம்பாரைப் பிசையும்போது என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாய் என்று அதற்கு அர்த்தம். நானும் சிமிட்டினேன்.

உச்சிவெயிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். சாயங்காலத்துக்குள் கைகால் இழுக்க ஆரம்பித்தது. ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம், வேப்பிலை, மந்திரித்த கயிறு, எல்லாம் ஆயிற்று. அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு ஆவடிக்கு டாக்டரைத் தேடிப் போனான், யாரும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் பால் கறக்கிற நேரத்தில் அத்தை போய்விட்டார். பேத்தியை ஒரே ஒருதடவைதான் மடியில் வாங்கியிருந்தார்.

வாந்திபேதி என்று ஊர் சொன்னது. எங்கள் வீட்டுப் பக்கமே நான்கு நாள் யாரும் வரவில்லை. அண்ணியின் தம்பி மூன்றாம் நாள் வந்து சேர்ந்தான். தோளில் ஒரு மூட்டை இருந்தது, அதை இறக்கக்கூடத் தோன்றாமல் வாசலிலேயே நின்றான். அதற்குமேல் அவனைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பல வருஷம் கழித்து, எங்கள் குடும்பத்தில் டாக்டருக்குப் படித்த ஒரு பெண்ணிடம், யாருக்கோ நடந்த மாதிரி இதைக் கேட்டேன். "அத்தனை நாள் பட்டினி கிடந்தவங்களுக்கு ஒரேயடியா சோறு போடலாமா? கொஞ்சம் கொஞ்சமா கஞ்சித்தண்ணி கொடுத்திருக்கணும். யாராவது சொல்லியிருந்தா பிழைச்சிருப்பாங்க" என்றாள். யாராவது என்றாள். விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாராவது.

குழந்தை பிறந்ததோடு சத்தியம் முடிந்துவிட்டது, வாயைத் திறந்திருக்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு தோன்றியபோதெல்லாம் சொல்ல முடியவில்லை. தன் சமையலில்தான் ஏதோ கோளாறு, கத்திரிக்காயில்தான் ஏதோ விஷம் என்று அம்மா சாகிறவரை நம்பினார். அந்த நாளுக்குப் பிறகு யாரையும் அவர் வற்புறுத்திச் சாப்பிடவைத்ததில்லை. போதும் என்று விருந்தாளி கையை ஆட்டினால் உடனே கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கஞ்சம் என்று ஊர் பேசியது. உண்மையைச் சொல்லி அவரைத் தேற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எந்த உண்மையை? உன் சோறு கொல்லவில்லை அம்மா, குதிர் நிறைய நெல் இருந்த உன் வீட்டில் அவர் பசியில் செத்தார், நீ இரண்டாம் தடவை கூப்பிடவில்லை, நான் பாயசம் என்று பொய் சொன்னேன் என்றா? எதைச் சொன்னாலும் யாருக்காவது வலிக்கும். பேசாமல் இருந்துவிட்டேன். கோழைத்தனம் என்றால் அதுவும் சரிதான்.

அன்று பிறந்த பெண் வளர்ந்து, கட்டிக்கொடுத்து, அம்பத்தூரில் வீடு கட்டினாள். அண்ணி கடைசிக் காலத்தில் அவளோடுதான் இருந்தார். நான் பார்க்கப் போயிருந்தேன். அண்ணிக்குத் தொண்ணூறு நெருங்கிவிட்டது, எழுந்து நடமாட முடியாது, ஆனால் பேச்சு தெளிவு. மகள் காபி போட உள்ளே போன சமயம் பார்த்து என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நான் உள்ள படுத்துகினு இருந்தேன், ஒண்ணும் பாக்கல. நீதான பக்கத்துல குந்தி விசிறிகினு இருந்த. எங்கம்மா அன்னிக்கு வயிறாற சாப்ட்டாங்களா?"

இத்தனை வருஷத்தில் அண்ணி அதைக் கேட்டது அப்போதுதான்.

"மூணு வாட்டி வாங்கி சாப்ட்டாங்க அண்ணி. பாயசம் ரெண்டு வாட்டி."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். முகம் நிறையச் சிரிப்பு.

"பசியோட போவல. அது போதும் எனக்கு" என்றார்.

"ஆமா அண்ணி" என்றேன்.